வாயில் வராத பெயர்

14 ஜூலை 1994, வியாழன்
குரோம்பேட்டை

பாஸ்போர்ட் இரண்டும் வந்துவிட்டன. என் படத்தில் நான் திருடி மாதிரி இருக்கிறேன். அவர் படத்தில் அவர் என்னைப் பிடிக்க வந்த போலீஸ் மாதிரி இருக்கிறார்.

இனி தப்பிக்க வழியில்லை. பெயிண்ட் கம்பெனிக்காரன் நன்றாக விற்ற டீலர்களையெல்லாம் பெண்டாட்டியோடு சிங்கப்பூர் கூட்டிப்போகிறான். ஜி.எஸ்.டி. ரோட்டில் எத்தனை பெயிண்ட் கடை இருக்கிறது, நம் கடைதானா அவன் கண்ணில் படவேண்டும்? அதுவும் ஆடி மாதத்தில். ஆடியில் எவனும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க மாட்டான், கடையில் ஈ ஓட்டுகிற மாதம், அதனால் அவனுக்குத் தோது. ஊர் உலகத்தில் ஆடி வந்தால் புருஷனையும் பெண்டாட்டியையும் பிரித்து வைப்பார்கள். இவன் சேர்த்து விமானத்தில் ஏற்றுகிறான்.

அவரிடம் சொன்னால் சிரிக்கிறார். "நாம இன்னா நேத்து கண்ணாலம் கட்டிக்கினவங்களா கங்கா? பையனுக்கு மீசையே மொளைச்சிருச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

17 ஜூலை, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. பயமாக இருக்கிறது.

19 ஜூலை, செவ்வாய்

மூட்டை கட்டியாயிற்று. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, நார்த்தங்காய், ஒரு பிளாஸ்டிக் மக். அங்கே பாத்ரூமில் மக் இருக்காதாம். எப்படித்தான் குளிக்கிறார்களோ.

எல்லாவற்றையும்விட முக்கியம் அந்தச் சின்ன எவர்சில்வர் டப்பா. உள்ளே ஆரஞ்சு மிட்டாய். அவருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் ரத்தத்தில் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், பிறகு நினைவு போய்விடும். உடனே வாயில் இனிப்புப் போடவேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். பிப்ரவரியில் கடையில் அப்படித்தான் விழுந்தார். "மிட்டாய பாக்கெட்ல வச்சிக்கினு திரிய நான் இன்னா எல்.கே.ஜி. புள்ளையா?" என்று கேட்கிற மனுஷனோடு என்ன செய்வது? டப்பா என் பையில்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நான் அவர் பெயரைச் சொல்வதில்லை. இருபத்திரண்டு வருஷமாக "ஏங்க", "இந்தாங்க", பையன் பிறந்த பிறகு "அப்பாவைக் கூப்பிடுடா" — இதிலேயே குடித்தனம் ஓடிவிட்டது. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் பையனை முன்னால் தள்ளிவிடுவேன். கல்யாணமான புதிதில் என் மாமியார் சொன்னது: "புருசன் பேர வாயால சொன்னா அவன் ஆயுசு கொறையும்." கன்னியம்மா என்று பெயர் அவங்களுக்கு. அவங்க போய்ச் சேர்ந்த பிறகு கடைக்கே அந்தப் பெயரை வைத்தார், கன்னியம்மா பெயிண்ட்ஸ் என்று.

எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினவள் இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் பிப்ரவரியில் பேங்கில் அந்தப் பெண் "ஹஸ்பெண்ட் நேம், ஹஸ்பெண்ட் நேம்" என்று அவசரப்படுத்தினாள். வாய் தவறி வந்துவிட்டது. அந்த வாரமே அவர் விழுந்தார்.

காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும்.

21 ஜூலை, வியாழன்
சிங்கப்பூர்

வந்து சேர்ந்துவிட்டோம். எப்படி என்று கேட்டால் தெரியாது.

மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது தினம் தலைக்கு மேலே போகிற விமானம். இன்று அதற்குள் நான். "தோ பாரு, நம்ம திருநீர்மலை" என்று ஜன்னல் பக்கம் கையைப் பிடித்து இழுக்கிறார். நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் விழுந்துவிடும். பாதி வழி அந்த விமானத்தை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கம்பெனி ஆள் ஸ்ரீரங்கன் இங்கே இறங்கியதும் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். தொலைத்துவிடுவோமாம். டீலர்கள் யாரும் ஒருத்தரை ஒருத்தர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கடைப் பெயர்தான். எல்லாரும் இவரை "வாங்க கன்னியம்மா", "சாப்பிட்டீங்களா கன்னியம்மா" என்கிறார்கள். மாமியாரே கூட வந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

பல்லாவரம் டீலர் மனைவி சபீஹா பக்கத்து அறை. அவள் தன் வீட்டுக்காரரை "முனீர் அத்தா" என்கிறாள், முனீர் அவள் பையன். நமக்கு ஏற்ற ஜோடி என்று நினைத்துக்கொண்டேன்.

22 ஜூலை, வெள்ளி

இந்த ஊரில் எதைத் தொட்டாலும் அபராதம் என்கிறார் ஸ்ரீரங்கன். துப்பினால் அபராதம், குப்பை போட்டால் அபராதம், கண்ட இடத்தில் ரோட்டைக் கடந்தால் அபராதம். நான் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு நடந்தேன். இவர் என்னடா என்றால் போகிற கட்டடத்தில் எல்லாம் நின்று சுவரைத் தடவுகிறார். ஓரத்தில் நகத்தால் சுரண்டியும் பார்க்கிறார். "நாலு கோட்டு அட்ச்சிருக்கான் கங்கா. கீழ பூசின பட்டி பாரு, கண்ணாடி மாறி வழவழன்னு கீது." சுவரைச் சுரண்டினால் அபராதமா, ஜெயிலா?

நகரும் படியில் எனக்குக் கால் வரவில்லை. பின்னால் கூட்டம் நிற்கிறது. எந்தப் படியில் கால் வைப்பது என்று முடிவு செய்வதற்குள் அது போய்விடுகிறது. கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். எல்லார் எதிரிலும் கையைப் பிடித்தார். வெட்கப்படுவதா பயப்படுவதா என்றே தெரியவில்லை.

மத்தியானம் மாத்திரை போட மறந்தார், நினைவுபடுத்தினேன். டப்பாவைச் சட்டைப் பையில் வைத்தேன். எடுத்துத் திரும்ப என் பையில் போட்டார்.

23 ஜூலை, சனி

இன்று எழுத முடியாது. அவர் படுத்திருக்கார். மூச்சு ஏறி இறங்குதான்னு பார்த்துக்கிட்டே இருக்கேன்.

24 ஜூலை, ஞாயிறு

இன்று எல்லாரும் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார்கள். நாங்கள் அறையிலேயே இருக்கிறோம். அவர் பருப்புப் பொடியைத் தொட்டுக்கொண்டு பிரெட் சாப்பிடுகிறார். நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதினால் நெஞ்சு அடங்குமா பார்க்கலாம்.

பறவைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். காலையில் மாத்திரையைப் போட்டவர் ஓட்டல் பலகாரத்தில் முட்டை நாற்றம் என்று இரண்டு வாயோடு எழுந்துவிட்டார். அப்போதே எனக்குத் திக்கென்றது. பூங்காவுக்குள்ளே தூண்மேல் ஓடுகிற குட்டி ரயில் ஒன்று இருக்கிறது. அவர் ஏறிவிட்டார். நான் காலைத் தூக்கினேன், வைத்தேன், மறுபடி தூக்கினேன். கதவு தானாக மூடிக்கொண்டது.

கண்ணாடிக்குள்ளே சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். அடுத்த வண்டியில் வா என்கிறாரா, அங்கேயே நில் என்கிறாரா? எனக்குப் புரியவில்லை. நின்றேன். வண்டிமேல் வண்டி வந்தது. எல்லாவற்றிலும் சீனக் குழந்தைகள் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. டப்பா என் பையில்.

வெயில் உச்சிக்கு வந்தபோது சபீஹா என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். அவள் கையைப் பிடித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. ஸ்ரீரங்கனும் ஆண்களும் ஆளுக்கொரு திசையில் தேடினார்கள். இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் மைக் வைத்த அறைக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். ஸ்ரீரங்கன், "கன்னியம்மா பெயிண்ட்ஸ், குரோம்பேட்டை, எங்கிருந்தாலும் வாசலுக்கு வரவும்" என்றார். யாரும் வரவில்லை. பாஸ்போர்ட் ஓட்டலில் இருக்கிறது, "சார் பேரு என்ன மேடம்?" என்று கேட்டார். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். எழுதலாம், அதில் தோஷமில்லை. அதையும் இரண்டு மூன்று தடவை படித்தார். வரவில்லை.

மைக் பக்கத்தில் இருந்த சீனப் பெண் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். அவங்க குரல் அவருக்குத் தெரியும், அவங்களே கூப்பிடட்டும் என்கிறாள் என்றார் ஸ்ரீரங்கன்.

மைக்கை என் வாயருகே வைத்தார்கள். "ஏங்க," என்றேன். "ஏங்க, எங்க இருக்கீங்க?" என் குரல் மரங்களுக்கு மேலே எங்கேயோ கேட்டது. வெளியே நின்றிருந்த இரண்டு மூன்று தமிழ் ஆம்பிளைகள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

சபீஹா என் தோளைப் பிடித்தாள். "அக்கா, ஊர்ல இருக்கிற எல்லா புருசனும் ஏங்கதான். பேரச் சொல்லுங்க."

என் நாக்கு ஒட்டிக்கொண்டது. சொன்னா ஆயுசு போயிடும். பிப்ரவரியிலேயே பார்த்தாச்சு. சொல்லலைன்னா எங்கேயாவது விழுந்து கிடப்பார், நினைவு போயிருக்கும், பாஷை தெரியாத ஊர். சொன்னாலும் போவார், சொல்லலைன்னாலும் போவார்னா நான் எதைச் செய்யறது? திருநீர்மலை ரங்கநாதா, மலைமேல படுத்துக்கிட்டு என்னை இங்க கொண்டாந்து நிறுத்தினியே.

"அக்கா, நேரமாவுது," என்றாள் சபீஹா.

சொன்னேன். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. அடுத்ததில் பெயர் வந்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. மரியாதை இல்லை, 'ங்க' இல்லை, தெருவில் விளையாடுகிற பையனைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற மாதிரி கத்திக் கத்திக் கூப்பிட்டேன். எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. சபீஹாதான் மைக்கை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அந்த அறையில் போன் அடித்தது. அருவி ஓரம் ஒரு புதருக்குப் பின்னால் இருந்தாராம். செடிக்குத் தண்ணீர் விடுகிற மலாய்க்கார அம்மா பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஓடினேன். நகரும் படியில் ஏறத் தெரியாதவள் அந்த மேட்டில் செருப்பில்லாமல் ஓடினேன். சட்டையெல்லாம் நனைந்து, கண் எங்கேயோ பார்த்துக்கொண்டு, உதடு மட்டும் ஆடிக்கொண்டு இருந்தார். மிட்டாயை வாயில் திணித்தேன். ஒன்று, இன்னொன்று. பிறகு யாரோ ஜூஸ் கொடுத்தார்கள். என்னை அடையாளம் தெரிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "செருப்பு எங்க?"

25 ஜூலை, திங்கள்

இன்றுதான் அதைப் பற்றி வாய் திறந்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, என்னைத் தேடி நடந்தே திரும்பியிருக்கிறார். வழி தப்பிவிட்டது. தலை சுற்றியதும் நிழலாக இருக்கிறதே என்று புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"ஸ்ரீரங்கன் கூப்ட்டது கேக்கலியா?" என்றேன்.

"எவனோ இன்னாவோ கத்திக்கினு இருந்தான். எனக்கின்னு தோணல." சுவரை நகத்தால் சுரண்டினார். "அப்புறம் எங்கம்மா கூப்ட்டுச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பொம்பள கொரல்ல என்னப் பேர் சொல்லிக் கூப்ட்டது எங்கம்மா ஒண்ணுதான் கங்கா. சோறு ஆறுதுன்னு கூப்டும் பாரு, அதே மாறி. சரி, செத்துப்பூட்டோம், அம்மா அழைச்சிக்கினு போவ வந்துருச்சுன்னு நெனச்சேன். 'தோ வரேம்மா'ன்னு எழுந்து நின்னேன். நின்னதாலதான் செடிக்குத் தண்ணி வுட்ட அந்த மலாய்க்கார அம்மா கண்ல பட்டேன்."

பேர் சொல்லக்கூடாது என்று வாயைக் கட்டியவங்களும் அவங்கதான். என் வாயில் வந்து கூப்பிட்டவங்களும் அவங்கதானா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விளங்காவிட்டாலும் பயம் போகவில்லை. பிப்ரவரியில் ஒரே ஒரு தடவைக்கே விழுந்தார். இப்போது ஊர் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

27 ஜூலை, புதன்
குரோம்பேட்டை

வீடு. டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டு, என்னைத் திட்டினார். திட்டவேண்டியவரை விட்டுவிட்டார்.

30 ஜூலை, சனி

போன் அடித்தாலே கடையில் அவருக்கு என்னமோ என்று நினைத்துவிடுகிறேன். இன்று மணி அடித்ததும் போய் நின்றேன், எடுக்கவில்லை. பையன் எடுத்தான். "டர்பன்டைன் டின் எங்க வச்சிருக்குன்னு அப்பா கேக்கறாரு." அவ்வளவுதான்.

3 ஆகஸ்ட், புதன்

திருநீர்மலை. சொன்ன தோஷம் போக அவர் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டால் மனது ஆறும் என்று போனேன். படி ஏற வேண்டாம் என்று அவரைக் கீழேயே உட்காரவைத்தேன், டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு.

மேலே பட்டர் தட்டை வாங்கிக்கொண்டு, "பேர், நட்சத்திரம்?" என்றார். எப்போதும் இவர்தான் பக்கத்தில் நின்று சொல்வார். இன்று நான் மட்டும். தோஷம் போக வந்த இடத்திலேயே மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டர் காத்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் வரிசை. பெருமாளைப் பார்த்தேன். ஆயுசைக் கொடுக்கிறவனே கேட்கிறான், சொல்லாமல் எப்படி?

சொன்னேன். கூடவே வாய்க்குள் "நூறு வயசு" என்றும் சொல்லிக்கொண்டேன். என் பங்குக்கு.

கீழே இறங்கியபோது பயறு சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்.

10 ஆகஸ்ட், புதன்

ஒரு வாரமாக வீட்டில் புதுக் கூத்து. "ஏங்க" என்றால் அவருக்குக் காது கேட்பதில்லை. "இந்தாங்க" என்றாலும் கேட்பதில்லை. பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "நம்ம வூட்ல இருக்கிறவனும் ஏங்கதானா கங்கா?" என்று கேட்டுச் சிரிக்கிறார். சபீஹா சொன்னதை நான் இவரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

இன்று காலை கடைக்குக் கிளம்பினார். டப்பா மேஜைமேல் இருந்தது. "ஏங்க, டப்பா," என்றேன். செருப்பை மாட்டினார். "இந்தாங்க, டப்பாவை எடுத்துக்குங்க." கதவைத் திறந்தார். படியிறங்கினார். அருவி ஓரம் பார்த்த அந்தக் கண்தான் எதிரே வந்து நின்றது.

பக்கத்து வீட்டு ஜன்னல் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். மூடியிருந்தது.

"அப்பாதுரை," என்றேன். "டப்பா."

திரும்பி வந்தார். டப்பாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன்.

நூறு வயசு.