ஏழு மணி, மலைக்கோட்டைப் பக்கம்

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். யூனிஃபார்ம் காயவில்லை. அயர்ன் பண்ணித்தான் காய வைக்க வேண்டும்.

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் நல்ல பெயர் எடுக்கவும் வேண்டியதில்லை. போன வருடத்து சமூக அறிவியல் நோட்டு. பின்பக்கம் நிறையக் காலி.

ஆரம்பிக்கக் காரணம்: நேற்று இன்னொரு நோட்டில் பொய் எழுதினேன்.

அந்த நோட்டு கண்காட்சிக்கானது. 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. எங்கள் தலைப்பு, ‘பூமிக்கு வெளியே உயிர் இருந்தால் நமக்குத் தெரியுமா?’ எங்கள் என்றால் நானும் ஆயிஷாவும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச், இப்போது ஒன்பதாவது. அவள் வீடு மலைக்கோட்டைக்குக் கீழே, மூன்றாவது மாடி. என் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் பக்கம். நடுவில் காவிரி. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மலையும் அதன் கீழே கடை விளக்குகளும் தெரியும்.

சோதனை: மூன்று நாள், மாலை 7 முதல் 7.10 வரை, அவள் தன் மாடியிலிருந்து டார்ச் அடிப்பாள். எத்தனை தடவை என்பது அவள் இஷ்டம். அந்த எண்ணைச் சீட்டில் எழுதி மடித்து ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொள்வாள். நான் லேபிலிருந்து வாங்கிய பைனாகுலரில் பார்த்து, கண்டதை எழுத வேண்டும். கடைசியில் சீட்டைப் பிரித்து ஒப்பிட வேண்டும். போன் கூடாது. “போன் போட்டுக் கேட்டா அப்பறம் என்னடி கண்டுபிடிப்பு? வேற கிரகத்துக்காரங்க நம்பரா குடுத்துருக்காங்க?” என்றாள் ஆயிஷா.

வெள்ளி: பார்த்தேன். அந்தப் பக்கம் முழுக்க விளக்கு. எது அவளுடையது? தெரியவில்லை.

சனி: பார்க்கவே இல்லை. அம்மாவுக்கு மருந்துக்கடையில் இரண்டு ஷிப்ட். அப்பா லாரியில், நாசிக் பக்கம். தண்ணீர் பிடித்து, சாதம் வடித்து, கணக்கில் பயிற்சி 4 முடித்து, ஐந்து நிமிடம் படுத்தேன். எழுந்தபோது மணி 8.15. மழை. நோட்டை எடுத்து எழுதினேன்: “7.00–7.10. பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.” நேரம் வேறு போட்டேன். அதுதான் இன்னும் அசிங்கம்.

ஞாயிறு (இன்று): பார்த்தேன். தெரியவில்லை. இது உண்மை.

நவம்பர் 10, திங்கள்

பஸ்ஸில் நின்றே போனேன். தூக்கம்.

ஆயிஷாவுக்கு ஜலதோஷம். கேட்ட முதல் கேள்வி: “சனிக்கிழமை தெரிஞ்சுருக்கணுமே?”

அன்று அவள் டார்ச் எடுக்கவில்லை. அவளுடைய அத்தாவின், அதாவது அப்பாவின், பெரிய எமர்ஜென்சி லைட்டை எடுத்திருக்கிறாள். அத்தா மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் எலக்ட்ரீஷியன். கடை மாடியில் நிற்கும் பெரிய சிவப்பு எழுத்து போர்டும் அவர் பொறுப்புதான். (எங்கள் மாடியிலிருந்து அந்தப் போர்டு வெறுங்கண்ணுக்கே தெரியும். மூன்றாவது எழுத்து எரிவதில்லை.) இரண்டு கையாலும் லைட்டைத் தூக்க வேண்டியிருந்ததால் குடை பிடிக்கவில்லையாம். பத்து நிமிடம் இல்லை, நாற்பது நிமிடம்.

“எதுக்குடி அவ்ளோ நேரம்?”

“நீ லேட்டா வந்தாலும் பாக்கணும்ல.” தும்மினாள்.

“ஒன்னும் தெரியலடி” என்றேன். நோட்டில் ஒன்று, வாயால் ஒன்று. ஆக இரண்டு பொய்.

மதியம் தயிர்சாதம். சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில், அப்புறம் மழை. ஆங்கிலத் தேர்வு 25க்கு 19.

சார்ட்டுக்காக எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: வேறெங்காவது உயிர் இருக்கிறதா?

அம்மா: “இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அவங்க வீட்டுலயாவது தண்ணி ஒழுங்கா வருதான்னு கேளு.” கால்களை வாளி வெந்நீரில் வைத்தபடி சொன்னாள். கணுக்கால் வீங்கியிருந்தது.

பஸ் கண்டக்டர்: “இந்த பஸ்ஸுக்கு வராத வரைக்கும் சந்தோஷம். உள்ள போம்மா.”

வீட்டுக்கார மாமி: “பதினாலு லோகம் இருக்கு, எல்லாத்துலயும் ஜீவன் உண்டு. அது இருக்கட்டும், பைனாகுலர வெச்சுண்டு எதிராத்தையே பாக்கறியாமே? எதிராத்து மாமா ஜன்னல சாத்திண்டு ஒக்காந்திருக்கார்.” மலைக்கோட்டைப் பக்கம்தான் பார்க்கிறேன் என்றேன். “அங்க யாருடி?” என்றார். ஆயிஷா என்றேன். மாமி நம்பினாரா தெரியவில்லை.

ஆயிஷா: “இருக்காங்க. நம்மள மாதிரியே டயர்டா இருப்பாங்க. அதான் பதில் போடல.”

நான்: காலியாக விட்டிருக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

சயின்ஸ் மிஸ் அட்டவணையைப் பார்த்தார். பேப்பர் திருத்திக்கொண்டே பார்த்தார். “குட். பெரிய லைட்டே தெரியலைன்னா முடிவு எழுதிடலாம். இவ்வளவு கிட்ட இருக்கற வெளிச்சமே தெரியல, அவ்வளவு தூரத்துல இருக்கறது எப்படித் தெரியும்? ஆயிஷா, உன் கையெழுத்துல சார்ட்டுல எழுதிடு.”

ஆயிஷா மண்டி போட்டு ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாள். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். “பெரிய விளக்கும் தெரியவில்லை” என்ற வரிக்குக் கீழே பச்சையில் கோடு போட்டாள். நான் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருவேளை நான் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. மழை, தென்னை மரங்கள், தெரு விளக்கு. அப்படியானால் நான் எழுதியது சரிதானே? இன்று முழுக்க இதைத்தான் யோசித்தேன். சரியில்லை. தெரிந்திருக்கவும் செய்யலாம்.

நாளை சொல்லிவிடுவேன். தலைவலி.

நவம்பர் 13, வியாழன்

சொல்லிவிட்டேன். மதிய இடைவேளை, கை கழுவும் குழாய் அருகே. பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“ஆயிஷா, சனிக்கிழமை நான் மாடிக்கே போகலடி. தூங்கிட்டேன்.”

டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே இருந்தாள். “எந்திரிச்சு?”

“பாத்தேன்னு எழுதிட்டேன்.”

“திங்கக்கிழம கேட்டேனே. அப்பவும்?”

“அப்பவும்.”

குழாயை மூடினாள். “தெரியலன்னா பரவால்லடி. தெரியாதுன்னு எனக்கே பாதி தெரியும். நீ அந்தப் பக்கம் நிக்கிறன்னு நெனச்சுத்தான் நான் இந்தப் பக்கம் நின்னேன்.”

மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள். சரி என்றா, போ என்றா, தெரியவில்லை.

வகுப்புக்கு வந்ததும் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து சனிக்கிழமைச் சீட்டை எடுத்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள். எத்தனை தடவை அடித்தாய் என்று கேட்டேன்.

“அது பாத்தவங்களுக்கு.”

இதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். ஆளுக்கு ஒரு லட்டு. ஆயிஷா எங்கள் வகுப்பு கவியா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பெஞ்ச் முன்னால். என் பக்கத்தில் பை மட்டும்.

மிஸ்ஸிடமும் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “பாக்காததைத் தெரியலைன்னு எழுதினா அது ரிசல்ட் இல்லம்மா, வகுப்புக்கு வராதவளுக்கு நீ ‘உள்ளேன் மிஸ்’ சொல்ற மாதிரி. சார்ட்ட மாத்து. ‘தெரியவில்லை’க்கு ஒரு கட்டம், ‘பார்க்கவில்லை’க்கு ஒரு கட்டம். முடிஞ்சா சனிக்கிழமை சோதனையை ரெண்டு பேரும் திரும்பச் செய்ங்க.” மறுபடி பேப்பர் திருத்தப் போய்விட்டார்.

திரும்பச் செய்ய இரண்டு பேர் வேண்டும். ஆயிஷாவிடம் துண்டுச் சீட்டு அனுப்பினேன்: “மிஸ் திரும்பச் செய்யச் சொன்னார். இன்று முதல் தினமும் ஏழு மணிக்கு மாடியில் இருப்பேன். நீ வராவிட்டாலும்.” படித்தாள். மடித்தாள். முன்னால் திரும்பிக்கொண்டாள்.

7.00–7.10: பார்த்தேன். தெரியவில்லை.

நவம்பர் 15, சனி

தண்ணீர் வரவில்லை. தெருக்குழாயில் ஆறு குடம்.

7.00–7.10: பார்த்தேன். தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

அப்பா வந்தார். ஒரு மூட்டை வெங்காயம். பகலெல்லாம் தூங்கினார். எழுந்து, “ஏன் பாப்பா முகம் இப்படி இருக்கு?” என்றார். பரீட்சை என்றேன். (இது பொய். திருத்தி எழுதுகிறேன்: ஆயிஷா.)

சார்ட்டைப் புதிதாக எழுதினேன். என் கையெழுத்தில் கோழி கிண்டிய மாதிரி இருக்கிறது.

7.00–7.20: பார்த்தேன். தெரியவில்லை. கொசு.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டது. மாமி வாசலில் இரண்டு அகல் ஏற்றினார். ஒன்று காற்றில் அணைந்தது.

ஆயிஷாவின் ரப்பர் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். “தேங்க்ஸ்” என்றாள். கடைக்காரரிடம் சொல்வதுபோல.

7.00–7.10: பார்த்தேன். கண் எரிகிறது. அவள் இன்று மாடிக்கு வந்தாளா, வரவே இல்லையா, வந்தும் எனக்குத் தெரியவில்லையா? இந்தப் பக்கத்திலிருந்து மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வானத்தைக் கேட்டுக்கொண்டே வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் இப்படித்தான் இருக்குமோ. அவர்களுக்குச் சம்பளமாவது உண்டு.

நவம்பர் 18, செவ்வாய்

மழை. பாதி வகுப்பு வரவில்லை. மிஸ் பாடம் நடத்தாமல், யாராவது ஏதாவது கேளுங்கள் என்றார். கவியா கேட்டாள்: மற்ற நட்சத்திரங்களின் கிரகங்கள் கண்ணுக்கே தெரியாது என்றால், இருக்கின்றன என்று எப்படிச் சொல்கிறார்கள்?

மிஸ்: “கிரகத்தோட வெளிச்சத்தைத் தேடினா கிடைக்காது. நட்சத்திரத்தையே பாத்துட்டிருப்பாங்க. கிரகம் குறுக்க போனா அது துளி மங்கும். ஒரு தடவ மங்கினா நம்ப மாட்டாங்க, வேற காரணம் இருக்கலாம். அதே இடைவெளில திரும்பத் திரும்ப மங்கணும்.”

ஆயிஷா கையைத் தூக்கினாள். “அது வரைக்கும் பாத்துட்டே இருக்கணுமா மிஸ்?”

“பின்ன? கண்ண எடுத்தா போச்சு.”

யாரோ சிரித்தார்கள். ஆயிஷா என் பக்கம் திரும்பவில்லை. திரும்புவாள் என்று நினைத்தேன்.

7.00–7.10: கிழிந்த குடையோடு பார்த்தேன். தெரியவில்லை.

நவம்பர் 19, புதன்

கணக்கு 25க்கு 14. கையெழுத்து வாங்க வேண்டும்.

பைனாகுலரை நாளை மறுநாள் காலை லேபில் திருப்பித் தர வேண்டும். கண்காட்சியன்று மேஜையில் நான் ஒருத்திதான் நிற்பேன் போல. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று நான்கு வரி எழுதினேன். அடித்துவிட்டேன்.

கடைசி பீரியடில் ஆயிஷா கவியாவிடம் சொன்னது காதில் விழுந்தது: “நாளைக்கு அத்தா கடை போர்டுல அந்த எரியாத எழுத்த மாத்துறாங்க. நானும் கூடப் போறேன்.” கவியா: “உனக்கு அங்க என்னடி வேல?” பெல் அடித்துவிட்டது.

7.00–7.10: பார்த்தேன். தெரியவில்லை. அம்மா, “போதும், சளி புடிச்சுக்கும்” என்றாள். நாளைதான் கடைசி என்றேன்.

நவம்பர் 20, வியாழன்

மழை விட்டிருக்கிறது. 6.50க்கே மாடிக்கு வந்துவிட்டேன். இந்த நோட்டும் கையில். மாமி, “இன்னியோட முடியறதோன்னோ?” என்றார்.

7.00. ஒன்றும் இல்லை.

7.03. சிவப்புப் போர்டு மொத்தமும் அணைந்தது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். பக்கத்துக் கடைகளில் விளக்கு எரிகிறது. போர்டு மறுபடி எரிந்தது. மூன்றாவது எழுத்தும் எரிகிறது இப்போது.

எழுத்தை மாற்றிவிட்டுச் சரிபார்க்கிறார்களாக இருக்கும். ஒரு தடவையை வைத்து நம்பக் கூடாது.

அணைந்தது. ஐந்து வரை எண்ணினேன். எரிந்தது. ஐந்து வரை எண்ணினேன். அணைந்தது. அதே ஐந்து.

இனி என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நோட்டைப் பார்க்காமல் எழுதுகிறேன்.

அம்மா வேலையிலிருந்து வந்து கொடித்துணி எடுக்க மேலே வந்தாள். “என்னடி, இன்னும் இங்கயா நிக்கிற? குளிரலயா?”

“அந்தச் சிவப்புப் போர்டு அணையறத எண்ணும்மா. மூணு ஆச்சு.”

“நாலு” என்றாள் அம்மா. “ஏதோ கோளாறு போல.”

“இல்லம்மா. ஆயிஷா.”

அம்மா துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். செருப்பைக் கழற்றி, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டே எண்ணினாள். அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு.

எரிந்தது. எரிந்தபடியே இருக்கிறது.

“முடிஞ்சுதா?” என்றாள் அம்மா.

தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று அம்மா எங்கள் மாடி விளக்கை அணைத்தாள்.