சாமித்தட்டில் இருந்த பெட்டி

மங்கரே, ஒக்லண்ட், நியூசிலாந்து
நவம்பர், ஞாயிறு பின்னேரம்

அன்பின் மகன் கீதனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. சாப்பிடுகிறேன், நித்திரை வருகிறது, உடம்பில் நோவு ஒன்றுமில்லை, ஆகவே சுகம் என்றே எழுதுகிறேன். அந்த நோர்வேக் குளிரில் நீயும் பிரணவியும் சின்னவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். பென்ரோஸ் ஃபக்டரிக்குத் திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். சூப்பர்வைசர் என்னைப் பாரம் தூக்க விடுகிறாரில்லை, மனிசி செத்தவனுக்குக் கை வராது என்று நினைக்கிறாரோ தெரியாது. பக்கத்து வீட்டு அந்தோணிசாமி ஒருநாள் விட்டு ஒருநாள் சோறும் சம்பலும் கொண்டுவந்து தருகிறார். மலேசியாச் சம்பல், சீனி போட்டது. அம்மா இருந்திருந்தால் இதென்ன சம்பலோ சீனிப்பாணியோ என்று கேட்டிருப்பா. நான் தின்கிறேன், எனக்கு இப்போது எல்லாம் ஒரே ருசிதான். அழுகையும் வரவில்லை. செத்த வீட்டிலும் வரவில்லை, நீ பார்த்தாய்தானே. சனம் என்ன நினைத்ததோ, எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது.

அரசாங்கத்துக்கென்று நீ எழுதி எனக்கு அனுப்பிய முறைப்பாட்டை வாசித்தேன். என் கையெழுத்தை மட்டும் வைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாய். நல்ல ஆங்கிலம், உன்னைப் படிப்பித்தது வீண்போகவில்லை. ஆனால் நான் கையெழுத்து வைக்கவில்லை, ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், ஃபோனில் எனக்கு இது ஒழுங்காக வராது. உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். இந்த வீட்டை அரசாங்க ஆராய்ச்சிக்குக் கொடுப்பம் என்று பிடிவாதமாக நின்றது அம்மாதான். பழைய வீடுகளின் யன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு, சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் பஞ்சு அடைத்தால் உள்ளே எவ்வளவு சூடு நிற்கும் என்று பார்க்கிற வேலை. மெரே என்றொரு பிள்ளை வந்து எங்கள் படுக்கையறைச் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை ஒட்டிவிட்டுப் போனாள். அறைச் சூட்டை அது தானே அளந்து அவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். மோசமான குளிர் வீடுகளுக்குக் குளிர்காலத்துக்கு முதலே புது யன்னல், மற்ற வீடுகளுக்குக் குளிர்காலம் முடிந்த பிறகு. பெட்டி அனுப்பின கணக்கைப் பார்த்து எங்கள் வீட்டை மற்ற வீடுகளோடு சேர்த்தார்கள். இங்கே குளிர் விடாத ஓகஸ்டில் அம்மாவுக்குச் சளி நெஞ்சில் இறங்கி நியூமோனியாவாகிப் போய்ச் சேர்ந்துவிட்டா. அம்மா விறைத்துக் கிடந்ததை அரசாங்கம் பெட்டி வைத்துப் பார்த்துக்கொண்டு இருந்தது என்று நீ எழுதியிருக்கிறாய். அப்படித்தான் நானும் நினைத்தேன், நினைக்க லேசாகத்தான் இருந்தது.

நீ அம்மாவின் எட்டுச் செலவுச் சடங்கை முடித்துக்கொண்டு நோர்வேக்குத் திரும்பிய கிழமை மெரே ஃபோன் எடுத்தாள். உங்கள் படுக்கையறை திடீரென்று நல்லாய்க் குளிர்ந்துவிட்டது, பெட்டி பழுதாய்ப் போச்சோ தெரியாது, வந்து பார்க்கலாமோ என்று கேட்டாள். அம்மா போனது அவளுக்குத் தெரியாது. வாசலில் வைத்துச் சொன்னேன், பாவம், என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், நான் கட்டை மாதிரி நின்றேன். பிறகு அறைக்குள் போனால் சுவரில் பெட்டி இல்லை. ஒட்டின இடத்தில் கறுப்புப் பூஞ்சணம் பிடித்த அடையாளம் மட்டும் இருந்தது. கட்டிலுக்குக் கீழே, மேசை லாச்சிக்குள், எல்லா இடமும் தேடினோம். தேடாத ஒரே இடம் விறாந்தை அலுமாரி, அம்மா கதவு வைத்துச் சாமித்தட்டாக்கினாவே, அது. செத்த வீட்டுத் துடக்கு இன்னும் கழியவில்லை என்று நான் அதைச் சாத்தியே வைத்திருந்தேன், விளக்கும் ஏற்றவில்லை. நான் தொடக்கூடாது, நீ திற பிள்ளை என்று அவளைத்தான் திறக்கச் சொன்னேன். பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், விளக்குக்குக் கிட்ட, அந்தப் பெட்டி இருந்தது. அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்திருந்தா உன்ர அம்மா.

அந்தச் சுவர் எப்படி வேர்க்கும் என்று உனக்குத் தெரியும், காலையில் துவாய் வைத்துத் துடைத்தால் பிழியலாம். ஒட்டிக் கொஞ்ச நாளிலேயே ஈரத்தில் பசை விட்டுப் பெட்டி விழுந்திருக்கிறது. அரசாங்கத்தின்ர சாமான் காலில மிதிபடும், பத்திரமா எடுத்து வைச்சிருக்கிறன் என்று ஏதோ ஒருநாள் சொன்னவ, நான் பேப்பர் பார்த்துக்கொண்டு ஓம் ஓம் என்றேன். எங்கள் ஆட்களுக்குப் பத்திரமான இடம் என்றால் வேறெங்கே? காலையும் மாலையும் விளக்கு, கதவைச் சாத்தினால் உள்ளே சூடு அப்படியே நிற்கும். அந்தச் சூட்டைத்தான் பெட்டி எங்கள் படுக்கையறைச் சூடு என்று அனுப்பிக்கொண்டிருந்தது. கீதன், அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவின் விளக்கை. குளிரை ஒருத்தரும் பார்க்கவில்லை. மெரேக்கு இதை விளங்கப்படுத்த, அவள் விறாந்தையில் அப்படியே குந்திவிட்டாள். சூடு ஒழுங்காய் ஏறி இறங்குறதைப் பார்த்து, இந்த வீட்டில ஆரோ நேரத்துக்கு ஹீட்டர் போடினம் எண்டு நினைச்சம் என்றாள். நேரத்தைப் பிழைக்கவிட்டு அம்மாவுக்குப் பழக்கமில்லை, காய்ச்சலோடும் எழும்பி விளக்கு ஏற்றினவ.

அந்தக் கணக்கை என்ன செய்வது என்று மெரே என்னையே கேட்டாள். அப்படியே விட்டால் யன்னல் மாற்றாத பழைய வீடுகளும் சூடாய்த்தான் இருக்கு என்று ஆராய்ச்சியில் வந்துவிடும், பிறகு எங்களைப்போல வீடுகளில் இருக்கிற சனத்துக்கு யன்னலும் இல்லை ஒன்றும் இல்லை. அழிக்கச் சொல்லிவிட்டேன். அம்மா கடைசிக் குளிர்காலம் முழுக்க விளக்கு வைத்த அடையாளம் அதில்தான் இருந்தது, தெரிந்துதான் சொன்னேன். சொல்லும்போதும் எனக்கு ஒன்றும் வரவில்லை. உன் முறைப்பாடு போனால் விசாரிப்பார்கள், விசாரித்தால் வீட்டுக்காரி பெட்டியை இடம் மாற்றியதுதான் காரணம் என்று முடிப்பார்கள். அந்த வசனத்தில் அம்மா இருக்கக்கூடாது. அவ ஒரு பிழையும் செய்யவில்லை. மெரேயும் செய்யவில்லை. குளிர்தான் கொண்டுபோனதோ என்று டொக்டரிடமும் கேட்டேன், ஏற்கெனவே பலவீனமான இதயம், ஓம் எண்டும் சொல்லேலாது இல்லை எண்டும் சொல்லேலாது என்றார். யாரையாவது பிடித்து ஏசினால் உனக்கு ஆறும் என்று தெரியும் மகன். எனக்கும் ஆறியிருக்கும். ஆனால் ஆள் இல்லை.

போன கிழமை புது யன்னல்கள் போட்டுவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, பிறகு நான் இருமத் தொடங்கினால் நீ அங்கே கிடந்து துடிப்பாய் என்று போட விட்டேன். நல்ல வேலைதான், குறை சொல்ல ஏலாது. கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, சுவர் காய்ந்து கிடக்கிறது. சின்னவளுக்கு இரவில் காலுறை போட்டுவிடுங்கள், பிரணவியை வேலை வேலை என்று உடம்பைக் கெடுக்க விடாதே. கோபத்தோடு கார் ஓடாதே. நல்லூர்க் கந்தன் உங்கள் மூன்று பேரையும் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. அந்த முறைப்பாட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னோடு சண்டை பிடி. அப்பா ஏன் கவனிக்கவில்லை என்று கேள், ஒவ்வொரு நாளும் எடுத்துக் கேள், நான் ஃபோனை வைக்கமாட்டேன். இந்தக் கண்ணாடி போட்ட பிறகு பிளேன் போவதுகூட உள்ளே கேட்பதில்லை, வீட்டில் ஒரு மனுசச் சத்தம் இல்லை மகன்.

என்றும் உன் அப்பா,
இரத்தினசிங்கம்