பாதியில் நின்ற தையல்

ஒரு வார்த்தையும் பேசாமல் தாய்வீட்டுக்குக் கிளம்பிப் போன என் மனைவிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே நான் நலம். மூன்று நாளாக நானே பொங்கி, குழைந்துபோன சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ உரையில் நற்குணம் பற்றிப் பேசினேன். 'உங்களில் சிறந்தவர், தம் மனைவியரிடம் சிறந்தவரே' என்ற நபிமொழி வந்ததும் நாக்கு எழவில்லை. அதை எழுதிக்கொண்டிருந்தபோதுதானே, "அந்தத் தையல் மெஷினை நிறுத்தித் தொலை, நல்ல விஷயம் எழுத விடமாட்டியா" என்று உன் தங்கை முன்னால் கத்தினேன்?

தொண்டை வறண்டுவிட்டதென்று நினைத்து பாங்கு சொல்லும் மோதினார் தண்ணீர் கொண்டுவந்தார். தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் தலைவர் என் கையைப் பிடித்து, "இன்னைக்குப் பேச்சு மனசைத் தொட்டுருச்சு ஹஜ்ரத்" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து மெஷினில் கிடந்த துணியை எடுத்துப் பார்த்தேன். கிழிந்துபோன என் ஜுப்பா. ஒரு கையைப் பாதி தைத்திருக்கிறாய்.

ஜன்னலோரம் கிடந்த என் மேசையை அடுப்படிப் பக்கம் நகர்த்திவிட்டேன். ஜன்னல் வெளிச்சம் இனி உன் மெஷினுக்கு.

அடுத்த வெள்ளி மன்னிப்பைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். அதை முதலில் உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் மிம்பர் மேடையில் ஏற வேண்டும். புதன்கிழமை வருகிறேன்.

ஊருக்கு ஹஜ்ரத்,
வீட்டில் முன்கோபி,
உன் கணவன்