மீன் பிடுங்கிய பருந்து

ஆவணி 3, காலை 6.10
நிலா நிலையம், பறவைக் கூடம். இதைக் கண்டெடுப்பவருக்கு: பறவை மருத்துவரான என் கணவர் சாரங்கபாணி காற்றுக் கசிவில் தவறியபின், கோமளம் ஆகிய நான் எழுதுகிறேன். சுவாமிக்கு மின்விளக்கு போட்டாயிற்று.
மிச்சம் இரண்டு பறவைகள். ஒன்று கருடன்: வெள்ளைத் தலை, செம்மண் நிற உடல். கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மற்றது, அவர் போனபின் உச்சிக் கம்பியிலிருந்து இறங்கியது. அங்கே கருடனும் கரும்பருந்தும் கூடு கட்டியிருந்தன. இது முழுக்கப் பழுப்பு. ஆகவே கரும்பருந்து.
பூமியில் இப்போது கருடன் இல்லை. வானத்தில் கருடன் வட்டமிடாமல் எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் நின்றுகிடக்கிறது.

ஆவணி 5, மாலை 4.40
மீன் தொட்டி ஹீட்டர் நின்றுவிட்டது. செத்த மீன்களை ஃப்ரீசரில் போட்டேன். பூமியிலிருந்து கப்பல் வரும்வரை ஒரு பறவைக்குத்தான் காணும். கருடன் எடுத்த மீனை, பழுப்பு அதன் காலிலிருந்தே பிடுங்கித் தின்றது. கரும்பருந்துப் புத்தி.
பூமித் தரைநிலையத்திலிருந்து சேவியர் பேசினார்: "கோமளம்மா, கருடன மட்டும் விட்றாதீங்க. கோயில்காரங்க தினம் போன் போடுறாங்க. நானே வேதக்காரன், என்கிட்ட கருடன் எப்ப வரும்னு கேக்குறாங்க."

ஆவணி 6, காலை 7.00
கூடத்தின் நடுவே வலை கட்டினேன். மீன் முழுவதும் கருடன் பக்கம். பழுப்புக்குச் சத்துமாவு உருண்டை. தொடவில்லை. பாவம்தான். பெருமாள் பார்த்துக்கொள்வார்.

ஆவணி 9, காலை 7.15
கருடன் தின்னவில்லை. மீனைக் காலில் பிடித்துக்கொண்டு வலையோரம் கத்துகிறது. முள் எடுத்துத் துண்டாக்கி வைத்தேன். துண்டையும் வலைக்கே கொண்டுபோகிறது.

ஆவணி 13, காலை 6.30
பழுப்பு செத்துவிட்டது. சேவியருக்கு அதன் படத்தை முதல்முறையாக அனுப்பினேன். வாலை விரித்துக் காட்டச் சொன்னார். விரித்தேன்.
"அம்மா, கரும்பருந்துக்கு வால் நடுவுல பிளந்திருக்கும். இது வட்டமால்ல இருக்கு. கருடக் குஞ்சும்மா இது. தலை வெளுக்குற வரைக்கும் பழுப்பாத்தான் இருக்கும்."
அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை.
தலையில் ஊதிப் பார்த்தேன். அடியில் வெள்ளை முளைத்திருக்கிறது.
பிடுங்கவில்லை. கருடன்தான் ஊட்டியிருக்கிறது.

ஆவணி 14
நேரம் பார்க்கவில்லை. விளக்கு போடவில்லை. வலையை அறுத்துவிட்டேன்.
கருடன் வந்தது. என் கை கன்னத்துக்குப் போய்ப் பாதியில் நின்றது. அது மீனைக் குஞ்சின் அலகருகே வைத்தது. கொஞ்சம் தள்ளி நின்றது. மீனை இன்னும் கிட்டே நகர்த்தியது.
தின்னட்டும் என்று காத்திருக்கிறது. நானும்.