மெடிக்கல் போர்டில் காமு பாடிய பாட்டு

பெஹாலா,
ஞாயிற்றுக்கிழமை

சௌபாக்யவதி மதுவந்திக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை மஹிமாவும் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். வீடியோவில்தான் பார்த்துக்கொள்கிறோமே, அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோனை எடுத்தாலே உன் தங்கை காமு என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, அதனால்தான் இது. நீயும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், பரவாயில்லை, மெதுவாகப் படி.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்ததிலிருந்து எனக்கு ஒரே கவலைதான், எங்களுக்குப் பிறகு காமு என்ன செய்வாள். அப்பாவுடைய கஸ்டம்ஸ் பென்ஷன் அவருக்குப் பிறகு எனக்குக் குடும்பப் பென்ஷனாக வரும், எனக்கும் பிறகு காமுவுக்கு ஆயுசு முழுக்க வரும், ஆனால் அது தானாக வராது. தானே சம்பாதித்துப் பிழைக்க முடியாதவள் என்று மெடிக்கல் போர்டு சர்ட்டிபிகேட் தரவேண்டும், அப்பா இருக்கும்போதே அவள் பேரைப் பென்ஷன் ஆர்டரில் ஏற்றிவிட்டால் பிற்பாடு அலைச்சல் குறையும். மாநில அரசு மாதாமாதம் கொடுக்கிற உதவித்தொகை வேறு, இது வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, நான் குழப்பிக்கொண்டதே போதும். கிடர்பூர் துறைமுகத்தில் ஊரார் பேப்பரையெல்லாம் தலைகீழாகப் புரட்டிப் பார்த்த மனுஷர், சொந்தப் பெண்ணின் பேப்பரை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்றே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார்.

போன மாதம் போர்டுக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் செய்த காரியத்தைக் கேள். நான் காமுவுக்கு மைசூர் சில்க் கட்டிவிட்டு, தலை பின்னி, லேக் மார்க்கெட்டில் பூ வாங்கி வைத்து அழைத்துப்போனேன். உள்ளே மூன்று டாக்டர்கள். பேர் கேட்டார்கள், சொன்னாள். உடனே அப்பா, நம் வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்கிற மாதிரி, டாக்டர் மாமாவுக்கு ஒரு பாட்டு பாடும்மா என்றார். அவளும் சம்மணமிட்டு உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டு, ஒரு முழுக் கீர்த்தனையைப் பிசகாமல் பாடினாள். கூப் பாலோ, ரொம்ப நன்றாயிருக்கிறது என்று டாக்டர்கள் கை தட்டினார்கள். எனக்கும் மனசு குளிர்ந்துபோயிற்று, துணி மடிப்பாள், கோலம் போடுவாள், பெங்காலியில் பிரமாதமாகப் பேசுவாள் என்று, பெண் பார்க்க வந்தவர்களிடம் அளப்பதுபோல அளந்துவிட்டேன். லேசான மனவளர்ச்சிக் குறைபாடுதான், எளிய வேலை செய்து பிழைக்க முடியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டாக்ஸியில் வரும்போது அப்பா அந்தப் பேப்பரையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தார்.

மறுபடி பார்க்கவேண்டும் என்று மனுக் கொடுத்து, வியாழக்கிழமை திரும்பப் போனோம். எதிர் ஃப்ளாட் மித்ரா பாபு முன்பே சொல்லியிருந்தார், அவளால் என்னென்ன முடியும் என்று சொல்லாதீர்கள், ஒரு நாள் தனியாக விட்டால் என்ன ஆகும் என்று சொல்லுங்கள் என்று. காமுவைக் கொஞ்சம் வெளியே உட்காரவைக்கலாமா என்று கேட்டேன், கூடாது, அவள் இருக்கவேண்டும் என்றார்கள். அவளை வைத்துக்கொண்டே எல்லாம் சொன்னேன். கேஸ் அடுப்பு பற்றவைக்கத் தெரியாது, டாலிகஞ்ச் மெட்ரோவில் கையை விட்டால் நின்ற இடத்திலேயே அழுவாள், தூரமான நாட்களில் நான் பக்கத்தில் இல்லாமல் முடியாது, மணி பார்க்கத் தெரியாது. முடியும் முடியும் என்று சொல்லியே அவளை வளர்த்தவள் நான். பெரிய டாக்டர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி மணி என்ன என்று அவளிடம் கேட்டார். அவள் ரொம்ப நேரம் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் எப்போதும் விடையைக் காதில் மெல்லச் சொல்லிவிடுவேன். அன்றைக்குச் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன்.

இன்னும் முடிவு தெரியவில்லை, லிஃப்ட் கதவு சத்தம் கேட்டாலே தபால்காரரோ என்று வாசலுக்கு ஓடுகிறேன். கிடைத்தாலும் எங்களுக்குப் பிறகு அவள் சார்பில் அதை வாங்கிச் செலவழிக்க ஒரு கார்டியன் பேர் கொடுக்கவேண்டுமாம். உன் பேரைக் கொடுக்கலாமா, மாப்பிள்ளையிடம் கலந்துகொண்டு சொல். முடியாது என்றாலும் மனதில் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிடு, சென்னையில் மாதவி சித்தியைக் கேட்டுப் பார்க்கிறேன். சரி என்று வாயளவில் சொல்லிவிட்டு நாளைக்கு நீ தவிக்கக்கூடாது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, நின்றுகொண்டே சாப்பிடாதே.

நீங்கள் எல்லோரும் தீர்க்காயுசாக, ஒருவருக்கொருவர் துணையாக இருக்கவேண்டும். ஃபோன் செய்யும்போது போர்டு பற்றி மட்டும் மூச்சு விடாதே. அன்று வீட்டுக்கு வந்ததும் காமு ஹாலில் இருக்கிற கடிகாரத்தைக் கழற்றித் தரச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா, மணி பாக்கச் சொல்லிக் குடு, அடுத்த வாட்டி டாக்டர் கேட்டா கரெக்டா சொல்லிடுவேன் என்றாள். ஆகட்டும் என்றேன். மூன்று நாளாகச் சின்ன முள்ளையும் பெரிய முள்ளையும் காட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கற்றுக்கொண்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது, மது.

இப்படிக்கு,
உன் அம்மா
ராஜலக்ஷ்மி