ஆரஞ்சுப் பையை அவிழ்த்தவள்

ஏட்டி, நேற்று மருந்துக்கடையில் ஒரு பெண் வாசலின் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். அந்த வாசனை என் மூக்கில் ஏறியதும் உன்மேல் வந்த கோபத்தில், வாங்கப் போன மாத்திரையை மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள். நீ செய்த பிழையை நான் பொறுப்பதாக இல்லை.

புனே பக்கத்துச் சிஞ்ச்வட்டில், நம் குடியிருப்புச் சொசைட்டியில் எதிர்வீட்டுக்காரி நீ. நாற்பத்தாறு வயதில் உனக்கு நீச்சல் பைத்தியம் பிடித்தது. ஞாயிறுதோறும் அணைக்குப் போவோம். நீச்சலுடை உரசிப் புண்ணாகாமல் இருக்க, கக்கத்திலும் கழுத்திலும் வாசலின் தடவிவிடுவது என் வேலை. "அசையாதட்டி, மசாலா ஒட்டமாட்டேங்கு. இன்னைக்கு உன்னப் பொரிச்சுட்டுத்தான் மறுவேலை" என்பேன். வயிறு குலுங்கச் சிரிப்பாய்.

காற்றடைத்த ஆரஞ்சுப் பை ஒன்றை இடுப்பில் கயிற்றால் கட்டி இழுத்துக்கொண்டே நீந்துவாய். தூரத்துப் படகுக்காரனுக்கு நீந்துகிறவள் தலை தெரியாது, பைதான் தெரியும். அதையாவது நான் விட்டேனா? "அங்க பாரு, எருமை பூசணிக்காயக் கெட்டி இழுத்துட்டுப் போகுது!" கரையில் நின்றவர்களுக்கு இந்தியிலும் சொல்லிச் சிரிக்கவைத்தேன். நீயும் சிரித்தாய்.

அப்புறம் கடல் நீச்சலுக்குப் பேர் கொடுத்தாய். ரூல் காகிதத்தை மனப்பாடம் செய்தாய். ஒரு நீச்சலுடை, ஒரு தொப்பி, ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். ரப்பர் உடுப்பு கூடாது, மிதக்கிற எதுவும் கூடாது, யாரும் தொடக்கூடாது. சரி, அங்கே உனக்கென்று ஒரு படகு கூடவே வரும். அணையில் உன்கூட எந்தப் படகு வந்தது?

பனி மூடிய அந்தக் காலையில் சொன்னாய்: "பைய அவுத்துரு. இனிமே ரூல்படிதான் பழகணும்."

"பனியா கெடக்கேட்டி."

"நீதான பூசணிக்கான்னு சிரிச்ச? அவுத்துரு."

சிரித்துக்கொண்டே அவிழ்த்தேன்.

உன்மேல் மோட்டார் படகை ஏற்றியவன் கரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "தாயீ, திசலச் நாஹீ." கண்ணிலேயே படவில்லையாம். எப்படிப் படும்? பைதான் என் கையில் இருந்ததே!

துக்கம் கேட்க வந்தவர்கள், "ரூலை மதிச்ச பொம்பள" என்று உன்னைப் புகழ்ந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடலுக்கு எழுதின ரூலை அணைக்குத் தூக்கி வந்தவள் நீ. படித்தவள்தானே? கூடவே படகு வந்தால்தான் அந்த ரூல் என்பது படிக்காத எனக்கே தெரிகிறதே, உனக்கு எங்கே போயிற்று புத்தி?

ஒன்றைச் சொல்லிவிட்டாவது போயிருக்கலாம். பையை அவிழ்க்கச் சொன்னது ரூலுக்காகவா, என் வாய்க்காகவா? அந்தக் கேலி உனக்கு வலித்திருந்தால், "வாய மூடுட்டி" என்று முதல் நாளே ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாமே. ஒவ்வொரு முறையும் சிரித்துத் தொலைத்தாய்.

இப்போதும் யாரைப் பார்த்தாலும் கிண்டல் நாக்கு நுனிவரை வருகிறது. கடித்து விழுங்குகிறேன். "அக்கா ரொம்ப அமைதியாயிட்டாங்க" என்கிறார்கள் சொசைட்டியில். அமைதியாவது மண்ணாவது. உள்ளே உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் தீரவில்லை.