மெஷினுக்குள் ஒரு தூக்குக்குண்டு

அன்புள்ள மகன் இசக்கிமுருகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், மழையும் இந்த வருஷம் குறை வைக்கவில்லை, மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே கோபப்படுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுதும் படி.

தூத்துக்குடியில் ஹோட்டல் வைத்திருக்கும் சங்கரபாண்டியன் அண்ணாச்சி பழைய பின்பால் விளையாட்டு மெஷின் ஒன்றை நம் மோட்டார் கடையில் கொண்டுவந்து இறக்கினார். மோட்டாருக்குக் காயில் சுத்துத கை இதுக்குச் சுத்தாதா என்று கேட்டார். கண்ணாடி மூடிய சாய்வு மேசை, இரும்புக் குண்டு உருண்டு முட்டுகிற இடத்திலெல்லாம் மணி அடிக்கிறது, எண் சக்கரம் சுற்றிக் கணக்குக் கூட்டுகிறது. உள்ளே கம்ப்யூட்டர் சங்கதி எதுவும் இல்லை, காயிலும் ரிலேயும் ஒயரும்தான். எரிந்த காயிலை மாற்றிச் சுற்றினேன், கரி பிடித்த ரிலே முனைகளைத் தேய்த்தேன், ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கடையில் இடம் போதாமல் உனக்காகக் கட்டிய புது அறையில் தூக்கி வைத்து, கால் திருகைத் திருகி மட்டம் பார்த்தேன். சில நாள் ஓடியது, அப்புறம் குண்டை விட்டதுமே ஆட்டம் நின்றுபோனது. ஏட்டி, பேய் பிடிச்ச மெஷினையால்லா கொண்டாந்திருக்க என்று அப்பா சிரித்தார். எனக்கு வேறு வேலை ஓடவில்லை. திறந்து ஒயர் ஒயராகத் தேடினால், ஓரத்தில் கொத்தனார் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்னத் தூக்குக்குண்டு, சுற்றி ஒரு வளையம். ஆடுகிறவன் கள்ளாட்டத்துக்கு மேசையைக் குலுக்கினால் தூக்குக்குண்டு வளையத்தில் பட்டு ஆட்டத்தை நிறுத்திவிடும். எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ. ஆனால் யாரும் குலுக்காமலே குண்டு வளையத்தில் சாய்ந்து கிடந்தது. மட்டம் பண்ணி வைத்தேன். மழை விட்டு வெயில் காய்ந்ததும் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். பீரோ இருக்கிற மூலை மழைக்கு ஏறி வெயிலுக்கு இறங்குகிறது அய்யா. பீரோவை நகர்த்தினால் சுவரில் விரல் நுழைகிற வெடிப்பு.

அந்த அறைக்கு அஸ்திவாரம் போட்ட முப்பிடாதி கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கரிசல் மண்ணு ஆடத்தான் செய்யும், மாடி வெயிட்டு ஏறினா அமுங்கி உக்காந்துரும் என்றார். எவ்வளவு ஆழம் தோண்டினார் என்று விடாமல் கேட்டேன். அடியில் கெட்டியான சுக்கான் கல் தட்டும் வரை அஸ்திவாரம் தோண்டவில்லை என்பதும் அப்புறம்தான் அவர் வாயில் வந்தது. மாடி வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்குள் மாடி எழும்ப வேண்டும் என்று நீ ஆசைப்படுவது தெரியும், பெண் வீட்டாரிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். நீயும் வரப்போகிறவளும் படுக்கிற தலைக்கு மேல் அந்தச் சுமையை ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை.

மாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள். தண்ணீர் நிறையக் குடி. கோபத்தை என்னிடம் காட்டு, அப்பாவிடம் காட்டாதே, கூடவே நின்று அந்த அறையைக் கட்டிய மனிதர், இப்போது அதற்குள் போவதே இல்லை. அண்ணாச்சி நேற்று மெஷினைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். இன்னும் சரியாகவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. அஸ்திவாரத்துக்கு ஒரு வழி பண்ணுகிற வரை, தரை அசைவதைக் காட்டிக்கொடுக்க அது நம் வீட்டிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
செல்வமாரி,
கோவில்பட்டி